தேதியத் தொடாதேன்னு சொன்னேன்

போன்ல சத்தம் போட்டதுக்கு ஒண்ணும் நெனைச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. பஸ்ஸுல இருக்கோம்ங்கதே மறந்து போச்சு. சாப்ட்வேர் கம்பெனிக்காரன். அவங்கிட்ட மெதுவாப் பேசுனா நம்மள மடையன்னு நெனைச்சுக்கிடுவான். நீங்க மதுரைக்கா? நானும் அங்கதான். அப்ப நேரம் இருக்கு, சொல்லுதேன். முழுசாக் கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

என் பேரு ஆவுடைநாயகம். சங்கரன்கோவில்ல பூ மார்க்கெட்டுக்குப் பின்னால ஸ்கேன் சென்டர் வச்சிருக்கேன். நான் டாக்டரு கிடையாது, முதல்லயே சொல்லிருதேன். பெயிண்டு கட வச்சிருந்த ஆளு. எதுத்தாப்பல ஆஸ்பத்திரி வச்சிருக்குத டாக்டர் மீரான்தான், "நாயகம், தலையில அடின்னா சனங்க ராஜபாளையத்துக்கு ஓடுதாவ, நீங்க ஒண்ணு போடுங்க"ன்னாரு. போட்டேன். ஊருக்கு ஒரு நல்லது செய்வோம்னுதான் போட்டேன்.

அங்க வேலைக்கு ஒரு பிள்ளை இருந்தா. பெனிட்டா. நாசரேத்துப் பக்கம். ஸ்கேன் எடுக்கதுக்குன்னே படிச்ச பிள்ளை. நான் குறை சொல்லமாட்டேன், நல்ல பிள்ளைதான். வாரவங்கள பெரியப்பா, சித்தின்னு கூப்பிட்டுத்தான் மிஷின்ல படுக்க வைப்பா. ஆனா ஒரு குணம். கேள்வி கேப்பா. இது ஏன் சார் இப்படி இருக்கு, அத ஏன் சார் அப்படி வச்சிருக்கிய. முதலாளி ஒண்ணு செஞ்சா அதுல ஒரு காரணம் இருக்கும்னு நெனைக்கணும்லா? அது கிடையாது.

சென்டர்ல எல்லாத்துக்கும் ஒரே கம்ப்யூட்டர். மிஷின்ல எடுக்குத படம் அதுலதான் வந்து விழும். ரிப்போர்ட் அடிக்குத சாப்ட்வேரும் அதுலதான். மதுரையில இருக்குத நரம்பு டாக்டருக்குப் படம் அனுப்புத ஆப்பும் அதுலதான். இந்த ரிப்போர்ட் சாப்ட்வேருக்கு வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கணுமாம். இடம் என்னுது, மிஷின் என்னுது, கரண்டு என்னுது. அவனுக்கு என்னத்துக்கு வருஷா வருஷம் அழணும்? ராஜபாளையத்துல நம்ம கூட்டாளி ஒருத்தரு யோசனை சொன்னாரு. "கம்ப்யூட்டர்ல தேதிய ஒரு வருஷம் பின்னால தள்ளி வச்சிரும். லைசென்ஸ் இன்னும் முடியலன்னு அது நெனைச்சுக்கிட்டு பேசாம ஓடும்."

வெள்ளிக்கிழமை லைசென்ஸ் முடிஞ்சுது. சாயந்தரம் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போன பொறவு நானே உக்காந்து தள்ளி வச்சேன். தானா நெட்டப் பாத்து அது நேரத்தச் சரி பண்ணிக்கிடுமாம், அந்தச் சுவிட்சையும் அமத்துனேன். சனிக்கிழமை ஜம்முன்னு ஓடிச்சு. அன்னைக்கு வந்த படத்தையெல்லாம் டாக்டர் மீரானே நேருல வந்து பாத்துட்டாரு, மதுரைக்கு ஒண்ணும் அனுப்ப வேண்டி வரல. அந்த சாப்ட்வேரு திரை முழுக்க மூடிக்கிடும், மூலையில இருக்குத தேதி தெரியாது. படத்துலயும் போன வருஷத் தேதிதான் விழுந்துச்சு. ஒருத்தர் பாக்கல. படத்துல தேதிய யாரு பாக்கா?

நீங்க வீட்டுக் கடிகாரத்தப் பத்து நிமிஷம் கூட்டி வைக்கது இல்லியா? நான் கொஞ்சம் குறைச்சு வச்சேன். அவ்வளவுதான வித்தியாசம்.

அந்தப் பிள்ளைகிட்ட சொல்லல. சொன்னா கேள்வி கேப்பா.

திங்கக்கிழமை காலையில வெள்ளத்துரையத் தூக்கிட்டு வந்தாவ. பூ மார்க்கெட்ல ஏலம் கூறுத ஆளு. அந்தச் சத்தம் இருக்கே அண்ணாச்சி, மல்லி என்ன விலை, பிச்சி என்ன விலைன்னு என் சென்டருக்குள்ள இருந்தே தெரிஞ்சுக்கிடலாம். அப்படிப்பட்ட ஆளுக்கு ஏலத்துக்கு நடுவுல நாக்கு குளறிருக்கு. வெயிலுன்னு நெனைச்சு நிழல்ல உக்கார வச்சு சோடா குடுத்திருக்காவ. குடிச்ச சோடா வலது பக்கம் வாயோரமா ஒழுகவும்தான் பயந்துபோய் அவரு சம்சாரத்துக்கு ஆள் விட்டிருக்காவ. அதுலயே பாதி நேரம் போச்சு.

டாக்டர் மீரான் பாத்தாரு. வலது கை விழுந்துட்டு, வலது கால் விழுந்துட்டு, பேச்சு இல்ல. நேரா என் சென்டருக்கு அனுப்பி, கூடவே அவரும் ஓடி வந்தாரு. வெள்ளத்துரை சம்சாரம் பேரு சண்முகத்தாய். அதுகிட்ட அவரு சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. "தலையில ஒண்ணு ரத்தம் அடைச்சிருக்கணும், இல்ல கசிஞ்சிருக்கணும். அடைப்புன்னா ஒரு ஊசி இருக்கு, என்கிட்டயே இருக்கு, போட்டா கரைஞ்சிரும். கசிவா இருந்து அந்த ஊசியப் போட்டோம்னா ஆளே போயிருவாரு. மதுரை டாக்டர் படத்தப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லணும். விழுந்ததுல இருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. அதுக்குள்ளயும் எவ்வளவு சீக்கிரம் போடுதோமோ அவ்வளவு பிழைக்கும்."

"மதுரைக்கே கொண்டு போயிரட்டுமா?"ன்னு அந்தம்மா கேட்டுச்சு.

"போறதுக்குள்ள கெடு முடிஞ்சிரும் தாயி. ராஜபாளையம் போனாலும் அங்கயும் மதுரை டாக்டர் பாத்துத்தான் சொல்லணும்."

பெனிட்டா கடகடன்னு படம் எடுத்துட்டா. அதுல அவள மிஞ்ச ஆள் இல்ல. எடுத்துட்டு வந்து மதுரை ஆப்பத் திறந்து பேரையும் பாஸ்வேர்டையும் அடிச்சா. 'லாகின் முடியவில்லை, மீண்டும் முயற்சிக்கவும்'னு வந்துச்சு. எழுத்து ஏதும் மாறிருக்கும்னு மறுபடி மெதுவா அடிச்சா. அதேதான். நான் நவுரும்மான்னு சொல்லிட்டு நானே அடிச்சேன். பாஸ்வேர்டு நான் வச்சதுதான, எனக்குத் தெரியாதா? எனக்கும் முடியவில்லை. மறுபடி அடிச்சேன். கணக்கு பூட்டப்பட்டிருக்குன்னு வந்துட்டு.

"ஏன் சார் திரும்பத் திரும்ப அடிச்சிய?"ன்னு கேக்கா. பாருங்க, அந்த நேரத்துலயும் கேள்வி.

ரூட்டர அமத்திப் போட்டோம். அது ஒவ்வொரு விளக்கா எரியுத வரைக்கும் எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு நிக்கோம். ஆகல. டாக்டர் அவரு செல்லுல இருந்து நெட்டு குடுத்தாரு. ஆகல. வேற கம்ப்யூட்டர்ல அனுப்பலாம்னா, அந்த ஆப்ப இந்த ஒண்ணுலதான் பதிஞ்சு குடுத்திருக்கான். திரையில தெரியுத படத்த செல்லுல போட்டோ பிடிச்சு மதுரைக்கு அனுப்பிப் பாத்தாரு. "பளபளன்னு லைட்டுதான் தெரியுது, இத வச்சு நான் ஊசிக்குச் சொல்ல முடியாது, முழுப் படத்த அனுப்புங்க"ன்னுட்டாரு அந்த நரம்பு டாக்டரு.

வெள்ளத்துரை தள்ளுவண்டியில கிடக்காரு. கண்ணு மட்டும் எங்க பின்னாடியே வருது. இடது கை நல்லாத்தான் இருக்கு, அதால வண்டிக் கம்பியத் தட்டிக்கிட்டே இருக்காரு. டங், டங், டங்.  அந்தச் சத்தம் இருக்கே, அத நிறுத்தச் சொல்லவும் முடியல.

ஆப்புக்காரன் உதவி நம்பர் ஒண்ணு உண்டு, சென்னையில. பெனிட்டா போன் போட்டா. பாட்டுப் போட்டு நிறுத்தி வச்சான். ஒருவழியா ஒரு தம்பி எடுத்து, பூட்டத் திறந்து விட்டான். புதுப் பாஸ்வேர்டு குடுத்தான். அடிச்சோம். முடியவில்லை. அந்தப் பிள்ளைகிட்ட இருந்து நான் போன வாங்கிக்கிட்டேன். அந்தத் தம்பி பொறுமையாத்தான் கேட்டான். நெட்டு இருக்கா சார்? இருக்கு. ஆப்பு புதுசா? புதுசு. "சார், உங்க சிஸ்டம்ல தேதி, நேரம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு"ன்னேன்.

ஏன் அப்படிப் பாக்கிய அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க, பாஸ்வேர்டு சரியில்லன்னு அது சொல்லுது. பாஸ்வேர்டுக்கும் தேதிக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம், பக்கத்துல டாக்டர் நிக்காரு, அந்தப் பிள்ளை நிக்கா, வாசல்ல ரிப்போர்ட் வாங்க வந்த சனம் நிக்கு. எல்லாருக்கும் நடுவுல நின்னுக்கிட்டு கட விஷயத்த வெளியாளுகிட்ட சொல்ல முடியுமா? எனக்கும் மனசுல ஒரு ஓரமா ஓடாம இல்ல. ஒரு நிமிஷம் யோசிச்சேன். ஒரு நிமிஷம்தான்.

"அப்ப சர்வர்ல பிரச்சனையா இருக்கும், மேல சொல்லிட்டு நானே கூப்பிடறேன் சார்"னு வச்சிட்டான்.

டாக்டர் மீரான் கைக்கடிகாரத்தப் பாக்காரு, வெள்ளத்துரையப் பாக்காரு. அவரும் நல்ல மனுஷந்தான், ஆனா அன்னைக்கு என்கிட்ட ஒரு மாதிரி பேசிட்டாரு. "நாயகம், இந்த ஆளு இனிமே பேசுவாரா மாட்டாராங்கது இப்ப உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு"ன்னாரு. அது எப்படி என் கம்ப்யூட்டர்ல இருக்கும்? அந்த ஆளு தலையிலதான இருக்கு.

டாக்டர் பாக்கதுக்குன்னு பெனிட்டா ஒரு படம் பிரிண்டு போட்டு வச்சிருந்தா. அது தள்ளுவண்டி மேல கிடந்துது. சண்முகத்தாய் என்ன நெனைச்சுதோ, அத எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துச்சு. புருஷன் பேரு இருக்கான்னு தேடிருக்கும் போல. திடீர்னு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க.

"யாரு படத்தக் குடுத்திருக்கிய? இதுல போன வருஷத் தேதிலா போட்டிருக்கு! போன வருஷம் எம் புருஷனுக்கு ஒரு தலவலி கூடக் கிடையாதே! எவன் தலையப் பாத்துட்டு இந்த ஆளுக்கு ஊசி போடப் போறிய?"

அவ்வளவுதான். வாசல்ல நின்ன சனம் பூரா உள்ள வந்துட்டு. படத்த மாத்திட்டான், ஆள மாத்திட்டான்னு ஆளாளுக்குப் பேசுதான். பூ மார்க்கெட் ஆளுகன்னா உங்களுக்குத் தெரியும்லா, பேசிக்கிட்டு மட்டும் நிக்கமாட்டாவ. ஒருத்தன் என் சட்டையில கைய வச்சிட்டான்.

பெனிட்டா அந்தப் படத்த வாங்கிப் பாத்தா. அப்புறம் என்னப் பாத்தா.  போய் உக்காந்து அந்தச் சாப்ட்வேரச் சுருக்கினா. மூலையில தேதி தெரிஞ்சுது.

"சார், நீங்களா மாத்துனிய?"

"அது கம்பெனி விஷயம்"னேன்.

"சார், தேதி தப்பா இருந்தா ஆப்பு உள்ள விடாது சார். பாஸ்வேர்டு எத்தன தடவ அடிச்சாலும் விடாது. இந்தக் கம்ப்யூட்டர் சொல்லுத நேரமும் அங்க இருக்குத நேரமும் ஒத்துக்கிடணும். இது போன வருஷத்துல உக்காந்துக்கிட்டு கதவத் தட்டுது, அங்க அத நம்ப மாட்டேங்காவ. நான் மாத்துதேன்."

"தொடாத"ன்னேன். மவுசு மேல கைய வச்சுக்கிட்டேன்.

கேளுங்க அண்ணாச்சி, என் பக்கத்து நியாயத்தையும் கேக்கணும்லா? தேதிய மாத்துன நொடியே ரிப்போர்ட் சாப்ட்வேர் பூட்டிக்கிடும். வாசல்ல நிக்குத சனத்துக்கெல்லாம் ரிப்போர்ட் அதுக்குள்ள இருக்கு. அவங்களும் நோயாளிதான? ஒரு ஆளுக்காக எல்லாரையும் விட்டுற முடியுமா? நான் மாட்டேன்னு சொல்லல. "ஒரு அஞ்சு நிமிஷம் பொறு, கம்பெனிக்காரங்கிட்டப் பேசி லைசென்ஸுக்கு ஒரு வழி பண்ணிக்கிடுதேன், அப்புறம் மாத்து"ன்னுதான் சொன்னேன். அஞ்சு நிமிஷம். அதுக்குக் கூட விடமாட்டேன்னா எப்படி?

"சார், கைய எடுங்க"ன்னா.

என்கிட்ட அப்படி ஒருத்தரும் பேசுனதில்ல அண்ணாச்சி. என் சொந்த மக பேசுனதில்ல.  அந்தக் கம்பியத் தட்டுத சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கு. டங், டங். பொறவு அதுவும் நின்னு போச்சு. திரும்பிப் பாத்தா, வெள்ளத்துரை என்னமோ சொல்ல வாயத் திறக்காரு. ஊரையே கூப்பிடுத வாய். காத்துதான் வருது. எங்கயோ அடி வயித்துல இருந்து ஒரு ஊளை மாதிரி வந்து, அதுவும் பாதியில நின்னுட்டு.

அப்ப நான் கைய எடுத்தேன். அத நீங்க நல்லாக் கேட்டுக்கிடணும், நானாத்தான் எடுத்தேன். இன்னைக்கு ஊருல கதைய வேற மாதிரி சொல்லுதாவ. சண்முகத்தாய் என் மணிக்கட்டப் பிடிச்சிருந்தது உண்மைதான். பூ மூட்டை தூக்குத கை அது, வலி இப்பவும் மழைக்கு எடுக்கு. ஆனா நானும் எடுக்கதாத்தான் இருந்தேன்.

பெனிட்டா தேதிய மாத்துனா. மணிய மாத்துனா. ஆப்பத் திறந்து சென்னைத் தம்பி குடுத்த அதே பாஸ்வேர்டத்தான் அடிச்சா. மறுபேச்சு இல்லாம உள்ள விட்டுட்டு. படம் போவுது. ஒரு கோடு ஊர்ந்து ஊர்ந்து நிறையுது.  சட்டையப் பிடிச்சிருந்தவன் கூட பிடிய விடாமலே அந்தக் கோட்டத்தான் பாத்துக்கிட்டு நிக்கான்.

மதுரையில இருந்து போன் வந்துச்சு. டாக்டர் மீரான் காதுல வச்சுக் கேட்டாரு. "கசிவு இல்ல, அடைப்புதான்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு, சொல்லிக்கிட்டே தள்ளுவண்டியப் பிடிச்சிட்டாரு. பெனிட்டா ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம், ரோட்டக் குறுக்க தள்ளிக்கிட்டு ஓடுதாவ. ஒரு டவுன் பஸ்ஸு பிரேக் போட்டு நின்னுச்சு. கெடுவுக்குக் கொஞ்சம் முன்னாலதான் ஊசி ஏறிச்சுன்னு அப்புறம் சொன்னாரு. இன்னும் முன்னாலயே ஏறிருந்தா பேச்சு முழுசா வந்திருக்கும்னும் சொன்னாரு. அத ஏன் என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாருன்னு தெரியல.

சரி, அந்தக் கதை நல்லபடியா முடிஞ்சிட்டு. எனக்கு என்ன ஆச்சு? அத யாரும் கேக்கமாட்டாவ. நான் சொன்னேன்லா, பூட்டிக்கிடும்னு? அப்படியே ஆச்சு. 'தேதி மாற்றப்பட்டது தெரிய வந்துள்ளது'ன்னு எழுதிக் காட்டிட்டு இறுகப் பூட்டிக்கிட்டு. மறுபடி பின்னால தள்ளிப் பாத்தேன், மசியல. வாசல்ல நின்ன சனம் பூரா என்ன வஞ்சிட்டுப் போச்சு. கம்பெனிக்காரன் வந்து, முறைச்சுப் பாத்து, புதுசா லைசென்ஸ் போட வச்சிட்டுத்தான் திறந்தான். அதுலயும் பழைய ரிப்போர்ட் கொஞ்சம் இன்னும் வரல. இப்ப போன்ல கத்துனது அதுக்குத்தான்.

மறுநாள் அந்தப் பிள்ளையக் கூப்பிட்டேன். நான் வேலைய விட்டுப் போகச் சொல்லல, சத்தியமாச் சொல்லல. "ஆளுக முன்னால என்னக் கைய எடுன்னு சொன்னேல்லா, அதுக்கு ஒரு மன்னிப்பு கேட்டுரு, அதோட மறந்துருவோம்"னேன். பெரிய மனுஷன் வேற என்ன செய்ய முடியும்?

"எதுக்கு சார்?"னு கேட்டா.

எதுக்குன்னு கேக்கா அண்ணாச்சி!   அவ வெள்ளக் கோட்டக் கழத்தி மடிச்சு நாற்காலி மேல வச்சிட்டு, "வாரேன் சார்"னு போயிட்டா. தூத்துக்குடியில வேலையில இருக்காளாம். போகட்டும், நல்லா இருக்கட்டும்.

ஆனா ஒரு தொந்தரவு பாருங்க. இந்த வெள்ளத்துரை. இப்ப நடக்காரு. காலு லேசா இழுக்கும், நடக்காரு. ஏலம் கூறுதது இல்ல, அவரு சம்சாரம்தான் கூறுது, இவரு பக்கத்துல உக்காந்து பூவக் காட்டிவிடுதாரு. வாரா வாரம் மார்க்கெட் முடிஞ்சதும் ஒரு பொட்டலம் பூவ இலையில கட்டிக்கிட்டு சென்டருக்கு வந்துருதாரு. அந்தப் பிள்ளையப் பாக்கணுமாம். முதல்ல வந்தப்ப பேரு சொல்ல வரல, பெ, பெ-ன்னு நின்னுட்டாரு. பயிற்சி குடுக்காவளாம், மத்த எதுக்கும் முன்னால அந்தப் பேரத்தான் சொல்லிப் பழகுதாராம். போன வாரம் வந்தாரு. என் முன்னால நின்னு, தாடைய இறுக்கி, ஒவ்வொரு எழுத்தா வெளிய தள்ளுனாரு.

"பெ... னிட்... டா."

சுத்தமா வந்துட்டு. சொல்லிட்டு சிரிக்காரு. பாதி வாய் சிரிக்கு.

"லீவு"ன்னேன். என்னத்த சொல்ல? எப்பவும் லீவுன்னுதான் சொல்லுதேன்.

"சரி, இருந்து... பாத்துட்டு... போறேன்"னு வாசல் பெஞ்சுல உக்காந்துட்டாரு. மடியில அந்தப் பூ. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்குப் போகணும், அவரத் தாண்டித்தான் போகணும். நான் உள்ளயே இருந்துட்டேன். அவரு எந்திரிச்சுப் போன பொறவுதான் போனேன். பூவ பெஞ்சுலயே வச்சிட்டுப் போயிருந்தாரு.

அந்த பெஞ்ச அங்கன இருந்து எடுத்துரலாம்னு இருக்கேன் அண்ணாச்சி. வாரவங்களுக்கு வழியில இடைஞ்சலா இருக்கு.